ஆட்டக்காரருக்கு ஒரு நீதி, அதிபருக்கு ஒரு நீதியா?

விளையாட்டுச் செய்திகளுக்கெனப் பத்திரிகையில் தனிப் பக்கம் இருக்கையில், ராஜீய விஷயங்களைப் பேச வேண்டிய இப்பக்கத்தில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் வினவக்கூடும். நாம் எழுதப் புகுவது பந்தைப் பற்றியும் மட்டையைப் பற்றியும் அன்று; தண்டிக்கும் அதிகாரத்தைப் பற்றியாகும். ஒரு மனிதனுடைய ஜீவனத்தையும் நற்பெயரையும் ஒரே உத்தரவினால் பறிக்கவல்ல அதிகாரம் எவரிடம் இருப்பினும், அது சர்க்காராயினும் சரி, சங்கமாயினும் சரி, அந்த அதிகாரம் எவ்வாறு செலுத்தப்படுகிறது என்று கேட்பதற்குப் பொதுஜனங்களுக்குப் பாத்தியதை உண்டு. அந்த அதிகாரம் எளியவன் மீது ஒரு விதமாகவும் வலியவன் மீது வேறு விதமாகவும் பாயுமாயின், அதைக் கண்டிப்பது பத்திரிகையின் கடமையுமாகும்.

இந்தியன் பிரீமியர் லீக் என்னும் பந்தயத் தொடர் 2008-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இன்று அது உலகத்தின் மிகப் பெரிய விளையாட்டு வியாபாரங்களில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுகளுக்கு அதன் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. இத்துணைப் பெரிய வியாபாரத்தில் ஆட்டக்காரன் ஒரு கூலிக்காரன். அணியை வாங்கியவர் முதலாளி. கிரிக்கெட் கட்டுப்பாட்டு போர்டார் இருவர் மீதும் ஆட்சி செலுத்துபவர்கள். ஆட்சி செலுத்துபவரே முதலாளியுமாக இருந்தால் என்ன நேரும் என்பதை 2013-ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. அந்த விவகாரத்தின் நாயகர்களுள் சிலர் நமது சென்னையைச் சேர்ந்தவர்களாகையால், அதைப் பேசுவதில் நமக்குக் கூச்சம் இருத்தலாகாது. அயலூர்க்காரரின் குற்றத்தை மட்டும் எடுத்துக் காட்டுவது பாரபக்ஷத்தின் இன்னொரு வடிவமேயாகும்.

இரண்டு கைதுகள்

2013-ஆம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி, ராஜஸ்தான் அணியைச் சேர்ந்த எஸ். ஸ்ரீசாந்த், அங்கீத் சவாண், அஜித் சந்தீலா ஆகிய மூன்று ஆட்டக்காரர்களை டில்லி போலீஸார் கைது செய்தனர். சூதாடிகளிடம் பணம் பெற்று, குறித்த ஓவர்களில் குறித்த அளவு ரன்களை எதிரிக்குக் கொடுக்க உடன்பட்டார்கள் என்பது பிராது. எட்டு நாள் கழித்து, மே 24-ந் தேதி, பம்பாய்ப் போலீஸார் இன்னொருவரைக் கைது செய்தனர். அவர் சென்னை அணியின் நிர்வாகத்தில் முக்கியஸ்தராக எல்லோராலும் அறியப்பட்டிருந்த ஸ்ரீ குருநாத் மெய்யப்பன். ஆட்டங்களின் மீது பணம் கட்டிச் சூதாடினார் என்பது அவர் மீதுள்ள பிராது. சென்னை அணியை உடைமையாகக் கொண்டிருந்த இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் நிர்வாக டைரக்டரும், கிரிக்கெட் போர்டின் தலைவருமாக அப்பொழுது விளங்கிய ஸ்ரீ என். ஸ்ரீநிவாசன் அவர்களுக்கு அவர் மருமகனாவார்.

இவ்விரண்டு கைதுகளுக்குப் பின்னர் போர்டார் நடந்துகொண்ட முறையைத் தேதி வாரியாக நோக்குவோம். அணி அதிபர்களின் விஷயத்தை விசாரிக்க இரண்டு ஓய்வு பெற்ற நீதிபதிகளைப் போர்டாரே நியமித்தனர். இரண்டே மாதங்களில், ஜூலை 28-ந் தேதி, அந்த விசாரணையின் முடிவு வெளியாயிற்று. இரு அணிகளையும் உடைய கம்பெனிகள் மீதோ, ராஜஸ்தான் அணியின் பங்காளியான ஸ்ரீ ராஜ் குந்த்ரா மீதோ தவறு செய்ததற்கு யாதொரு சாட்சியமும் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, அந்த விசாரணைக் குழுவை அமைத்ததே சட்ட விரோதம் என்று பம்பாய் ஹைக்கோர்ட்டார் தீர்ப்பளித்தனர்.

ஆட்டக்காரர்களின் விஷயமோ வேறு விதமாக நடந்தேறியது. போர்டின் ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி செப்டம்பர் 13-ந் தேதி கூடி, ஸ்ரீசாந்துக்கும் சவாணுக்கும் ஆயுட்காலத் தடை விதித்தது. கைதாகி நான்கு மாதங்கள்கூட நிறையவில்லை. கிரிமினல் கோர்ட்டில் விசாரணையும் தொடங்கவில்லை. அந்தக் கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் யாவர்? தமது கம்பெனியின் அணி மீதும் தமது மருமகன் மீதும் அதே பருவத்து ஆட்டங்களைப் பற்றிய பிராது நிலுவையில் இருக்க, வேறோர் அணியின் ஆட்டக்காரர்களைத் தண்டிக்க அமர்ந்தவர் ஸ்ரீநிவாசன் அவர்களே.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நமது நாட்டுப் பழமொழி. இங்கே வீட்டு மருமகன் உடைத்தது மண்குடமாயிற்று; கூலிக்கு வந்தவன் உடைத்தது பொன்குடமாயிற்று. தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட கன்றுக்காகத் தன் ஏக புத்திரனையே தண்டிக்கத் துணிந்த சோழனின் கதையைத் திருவாரூரில் இன்றும் கல்லில் காண்கிறோம். அத்தகைய தியாகத்தை நாம் எவரிடமும் எதிர்பார்க்கவில்லை. மகனை விசாரிக்கும் சபையிலிருந்து தந்தை எழுந்து செல்ல வேண்டும் என்ற அளவே நாம் கேட்பது.

கோர்ட்டார் தலையிட்டதன் பலன்

பீஹார் கிரிக்கெட் சங்கத்தார் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டை அடைந்திராவிடில், இவ்விஷயம் அத்துடன் புதைந்து போயிருக்கும். 2013 அக்டோபரில் கோர்ட்டார் ஜட்ஜு முகுல் முட்கல் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தனர். குருநாத் மெய்யப்பன் கிரிக்கெட்டில் ஆர்வமுள்ள ஒரு ரசிகரேயன்றி அணியின் அதிகாரி அல்லர் என்று அந்தக் கமிட்டியின் முன் கூறப்பட்டது. கமிட்டியார் அதை ஏற்கவில்லை. அவர் அணியின் அதிகாரியே என்றும், சூதாடியது உண்மை என்றும் கண்டனர்.

2015 ஜனவரி 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் வழங்கிய தீர்ப்பு வக்கீல்கள் மட்டுமன்றிப் பொதுஜன ஊழியர் யாவரும் படிக்கத் தக்கது. போர்டின் நிர்வாகி எவரும் போர்டார் நடத்தும் ஆட்டங்களில் நேராகவோ மறைமுகமாகவோ வியாபார சம்பந்தம் வைத்துக்கொள்ளலாகாது என்று முன்னாளில் ஒரு விதி இருந்தது. 2008 செப்டம்பரில் அந்த விதியைத் திருத்தி, ஐ. பி. எல். ஆட்டங்களுக்கு அது பொருந்தாது என்று ஆக்கிக்கொண்டனர். வேலியைப் பிடுங்கிவிட்டு மாட்டை மேயவிட்டது போன்ற இத்திருத்தம் செல்லாதென்று கோர்ட்டார் அறிவித்தனர். ஸ்ரீநிவாசன் அவர்கள் குற்றத்தை மூடி மறைக்க முயன்றார் என்ற பிராது ருசுவாகவில்லை என்றும் அதே தீர்ப்பில் கூறியுள்ளனர். அதையும் நாம் சொல்லியாக வேண்டும். எனினும், குற்றம் செய்யாதவரும் தம் வழக்கில் தாமே நீதிபதியாகலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

பின்னர், கோர்ட்டாரால் நியமிக்கப்பெற்ற ஜட்ஜு லோதா கமிட்டி 2015 ஜூலை 14-ந் தேதி குருநாத் மெய்யப்பனுக்கும் ராஜ் குந்த்ராவுக்கும் ஆயுட்காலத் தடையும், சென்னை, ராஜஸ்தான் அணிகளை உடைய கம்பெனிகளுக்கு இரண்டாண்டுத் தடையும் விதித்தது. ஆகவே அதிபரும் தண்டிக்கப்பட்டாரன்றோ, பாரபக்ஷம் எங்கே என்று கேட்கலாம். ஆட்டக்காரரைத் தண்டித்தது போர்டு. நான்கு மாதங்களில் தண்டித்தது. அதிபரைத் தண்டித்தது தேசத்தின் உச்ச நியாயஸ்தலம் நியமித்த கமிட்டி. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு மேலாயின. போர்டார் தாமாகச் செய்தது விடுவித்ததொன்றே. நாடெங்கும் பேசப்பட்டு, பெரிய வக்கீல்கள் வாதித்து, சுப்ரீம் கோர்ட்டார் பன்முறை உத்தரவு பிறப்பித்த பின்னரே முதலாளி மீது சட்டம் பாய வேண்டுமெனில், இத்தனை வெளிச்சம் படாத மற்ற வழக்குகளில் என்ன நடக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தண்டனையின் பலனையும் நோக்குக. இரண்டாண்டுகள் கழித்து, 2018-இல், சென்னை அணி திரும்பி வந்தது. வந்த வருஷமே கோப்பையையும் வென்றது. நமது நகரத்து மக்கள் மகிழ்ந்தனர். அந்த ஆட்டக்காரர்கள் குற்றம் ஒன்றும் செய்தவரல்லராகையால் அந்த மகிழ்ச்சியில் தவறும் இல்லை. முதலாளியின் ஆஸ்தி இரண்டாண்டு உறங்கி விழித்தது, அவ்வளவே. வேகப் பந்து வீசுவோனுக்கு உடல் வலிமையே ஆஸ்தி; அது உறங்கினால் விழிப்பதில்லை. ஸ்ரீசாந்த் தடை செய்யப்பட்டபோது வயது 30. டில்லி கோர்ட்டார் 2015 ஜூலையில் அவரையும் ஏனையோரையும் கிரிமினல் வழக்கிலிருந்து விடுவித்தனர். போர்டார் தடையை நீக்கவில்லை. 2017-இல் கேரள ஹைக்கோர்ட்டின் தனி நீதிபதி தடையை நீக்கினார். இரண்டு மாதங்களில் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு மீண்டும் அதை நிலைநாட்டிற்று. 2019 மார்ச்சு 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், அவர் குற்றம் செய்தார் என்ற முடிவை மாற்றாமல், ஆயுட்காலத் தண்டனையை மட்டும் ரத்து செய்து, குற்றத்துக்கேற்ற அளவை மறுபடி ஆலோசிக்குமாறு போர்டுக்கு உத்தரவிட்டனர். முடிவில் தண்டனை ஏழாண்டு என்று குறைந்தது. அது தீர்ந்த 2020 செப்டம்பரில் அவருக்கு வயது 37.

மூன்று ஆக்ஷேபணைகள்

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவனவற்றையும் நியாயமாக ஆராய்வோம்.

முதலாவது, பணம் பெற்று ஆட்டத்தைக் கெடுப்பது, ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டுவதைவிடக் கொடிய குற்றம் என்பது. இதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆட்டக்காரன் காசு கொடுத்துப் பார்க்க வந்த ஜனங்களை ஏமாற்றுகிறான்; அவனுக்குக் கடுந்தண்டனை விதிப்பது முறையே. ஸ்ரீசாந்த் நிரபராதி என்று நாம் வாதிக்கவில்லை. அளவில் வேற்றுமை இருக்கலாம். வழியில் வேற்றுமை இருக்கலாகாது என்பதே நமது கட்சி. ஒருவனைத் தண்டிக்கும் சபைக்கு எந்தத் தகுதி வேண்டுமோ, மற்றொருவனை விடுவிக்கும் சபைக்கும் அதே தகுதி வேண்டும். அன்றியும், அணியின் உள் ரகசியங்களை அறிந்த அதிகாரி பந்தயம் கட்டுவது கடைத்தெருவில் ஒருவன் பந்தயம் கட்டுவது போன்றதன்று. அதனாலன்றோ லோதா கமிட்டியார் அதற்கும் ஆயுட்காலத் தடை விதித்தனர்.

இரண்டாவது, போர்டு தனிப்பட்டவர்களின் சங்கம். தன் விதிகளைத் தானே இயற்றிக்கொள்ளும். வெளியார் கேட்பானேன் என்பது. கிரிக்கெட் போர்டு அரசியல் சட்டத்தின் 12-ஆவது ஷரத்தில் கண்ட ராஜ்யம் ஆகாது என்று 2005-இல் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள் கூறியது மெய்யே. ஆயினும் அது பொதுக் காரியம் செய்யும் ஸ்தாபனமாகையால் 226-ஆவது ஷரத்தின்படி ஹைக்கோர்ட்டுகளுக்கு உட்பட்டதே என்பதும் சட்டமாகிவிட்டது. தேசத்தின் பெயரால் அணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஸ்தாபனம், தண்டிக்கும் வேளையில் மட்டும் தனியார் கிளப்பாகிவிட முடியாது.

மூன்றாவது, கீழேயுள்ளவர்களைக் கடுமையாகத் தண்டித்தால்தான் மற்றவர்கள் அஞ்சுவர் என்பது. அந்நிய ஆட்சியில் இந்த வாதத்தை நாம் மிகுதியும் கேட்டிருக்கிறோம். வெள்ளையர் மீது வரும் வழக்கை இந்திய மாஜிஸ்திரேட்டும் விசாரிக்கலாம் என்று 1883-இல் இல்பர்ட்டு கொண்டுவந்த மசோதாவை எதிர்த்து எழுந்த கூச்சலும், பாதி ஜூரிகளேனும் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று அவர்கள் பெற்றுக்கொண்ட சலுகையும் சரித்திரம் படித்தோர் அறிந்தவை. குற்றவாளி யார் என்று பார்த்து நீதிபதியை மாற்றும் முறையை எதிர்த்தே நம் முன்னோர் போராடினர். அந்த முறை மைதானத்தில் மட்டும் இருக்கலாம் என்று நாம் எவ்விதம் சம்மதிக்க இயலும்?

எது பெருங்குற்றம்?

ஒரு ஸ்தாபனம் எதைக் கடுமையாகத் தண்டிக்கிறது என்பதைக் கொண்டு அது எதற்கு அஞ்சுகிறது என்பதை அறியலாம். 2007-ஆம் ஆண்டில் இந்தியன் கிரிக்கெட் லீக் என்ற பெயரால் வேறொரு கம்பெனியார் ஒரு போட்டித் தொடரைத் தொடங்கினர். அதில் சேர்ந்த ஆட்டக்காரர்களுக்குப் போர்டார் தம் ஆட்டங்கள் அனைத்திலும் தடை விதித்தனர். நமக்கு உலகக் கோப்பையை வென்று தந்த கபில்தேவும், அந்தத் தொடருடன் தொடர்பு கொண்டமையால், தேசிய கிரிக்கெட் அகாடமியின் தலைமையை இழந்தார். அவர்கள் செய்த குற்றம் வேறு முதலாளியிடம் வேலைக்குப் போனதே. 2009-இல் போர்டார் மன்னிப்பு என்று ஒன்றை அறிவித்தனர். அதற்குள் பல இளைஞர்களின் நல்ல பருவம் வீணாயிற்று.

2008-இல் ஆட்டம் முடிந்த மைதானத்திலேயே சக ஆட்டக்காரரைக் கன்னத்தில் அறைந்த ஹர்பஜன் சிங்குக்கு அந்தப் பருவத்தில் எஞ்சிய 11 ஆட்டங்களுக்குத் தடை கிடைத்தது. 2010-இல் வேறோர் அணியுடன் தாமாகச் சம்பளம் பேசினார் என்று ரவீந்திர ஜடேஜாவுக்கு அந்தப் பருவம் முழுவதற்கும் தடை கிடைத்தது. அடிப்பதைவிடச் சம்பளம் பேசுவது பெருங்குற்றம் போலும்! ஏலத்தில் எடுக்கப்பட்ட பின் தக்க காரணமின்றி வர மறுக்கும் அந்நிய நாட்டு ஆட்டக்காரருக்கு இரண்டு பருவங்கள் தடை என்பது இப்பொழுதுள்ள விதி. 2025-இல் இங்கிலாந்தின் ஹாரி புரூக் அவ்வாறு தடை செய்யப்பட்டார். வாக்குத் தவறுவது பிழையே. ஆனால் பருவம் முடிந்ததும் ஆட்டக்காரனை விடுவித்து அனுப்பிவிட அணிக்கு உரிமை உண்டு; அதற்குத் தடையும் இல்லை, அபராதமும் இல்லை.

சூதாட்டத்தை விளையாட்டின் பரம சத்துரு என்று மேடைதோறும் முழங்கியவர்கள், 2020-ஆம் ஆண்டுத் தொடரின் பெயரையே டிரீம் லெவன் என்னும் பண விளையாட்டுக் கம்பெனிக்கு 222 கோடி ரூபாய்க்கு விற்றனர். அது திறமை விளையாட்டு, சூது அன்று எனக் கோர்ட்டுகள் அக்காலத்தில் கூறியிருந்தமையால், சட்டப்படி குற்றமில்லை. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டார் பணம் கட்டி ஆடும் இத்தகைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் இயற்றும் வரையில், நமது தேசிய அணியின் சட்டையிலும் அக்கம்பெனியின் பெயரே இருந்தது.

அமெரிக்காவின் அனுபவம்

இந்நோய் நமது தேசத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் கால்பந்து ஆட்டத்தை நடத்தும் தேசியக் கால்பந்து லீக்கில், 32 அணிகளின் அதிபர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் கமிஷனரே நெடுங்காலம் பிராது தொடுப்பவராகவும், தீர்ப்பளிப்பவராகவும், அப்பீல் கேட்பவராகவும் இருந்து வந்தார். 2014-இல் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை மூர்ச்சையாகும்படி அடித்த ரே ரைஸ் என்ற ஆட்டக்காரருக்கு முதலில் இரண்டே ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. அதே கோடையில் கஞ்சா உட்கொண்டதற்காக ஜாஷ் கார்டன் என்பவருக்கு ஓராண்டுத் தடை. பிறகு அது பத்து ஆட்டங்களாகக் குறைந்தது. ரைஸ் அடித்த காட்சி படமாக வெளிவந்து ஜனங்கள் கொதித்தெழவே, அவருக்குக் காலவரையற்ற தடை என்றனர். ஒரே செயலுக்கு இரண்டு தண்டனை தகாதென்று, அப்பீலைக் கேட்ட முன்னாள் நீதிபதி அதை ரத்து செய்தார்.

2022-இல் கால்வின் ரிட்லி என்பவர் மொத்தம் 1,500 டாலர் பந்தயம் கட்டியதாகத் தாமே சொன்னார். ஒரு பருவம் முழுவதும் தடை பெற்றார். அந்த லீக்கோ அதற்கு முந்திய வருஷமே பந்தயக் கம்பெனிகளுடன் வியாபார உடன்படிக்கை செய்துகொண்டிருந்தது. வாஷிங்டன் அணியின் அலுவலகத்தில் பெண் ஊழியர்கள் துன்புறுத்தப்பட்டதைப் பற்றிய விசாரணை 2021-இல் முடிந்தபோது, அணிக்கு ஒரு கோடி டாலர் அபராதம் விதித்தனர். விசாரணை அறிக்கையை எழுத்தில் வெளியிடவில்லை. அதிபர்களை ஆட்டக்காரரினும் உயர்ந்த அளவுகோலால் அளப்போம் என்று லீக்கின் நடத்தை விதியிலேயே எழுதியிருக்கிறது!

எனினும் அமெரிக்க ஆட்டக்காரர்களிடம் நம்மவரிடம் இல்லாத ஒரு சாதனம் உண்டு, அது தொழிற்சங்கம். அந்தச் சங்கத்தின் பேரத்தினால், இரு தரப்பாரும் சேர்ந்து நியமிக்கும் ஒருவரே நடத்தை வழக்குகளை முதலில் விசாரிப்பது என்று 2020-இல் ஏற்பாடாயிற்று. அப்பீல் இன்னும் கமிஷனரிடமே இருப்பதால் இது முழு நீதியாகாது. ஆயினும் பாதி வழி. நமது நாட்டில் 2019-இல் ஏற்பட்ட கிரிக்கெட்டர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கே உரியது. இன்று ஆடுபவன் தனக்காகப் பேச ஒருவரும் இன்றித் தனியே நிற்கிறான்.

செய்ய வேண்டுவன

லோதா கமிட்டியின் முயற்சியால் போர்டில் இப்பொழுது விசாரணை அதிகாரி ஒருவர் இருக்கிறார். 2025-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆட்சிச் சட்டம், விளையாட்டு வழக்குகளுக்கென ஒரு தனி நியாயசபைக்கு வகை செய்திருக்கிறது. இவை நல்ல அடிகளே. இவற்றோடு நான்கு காரியங்கள் செய்யப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்ற அட்டவணை ஆட்டக்காரருக்கும், அதிபருக்கும், நிர்வாகிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தீர்ப்பும் அதன் காரணங்களும் எவரும் படிக்கும்படி வெளியாக வேண்டும். அணியில் சம்பந்தமுடையவரோ அவருடைய உறவினரோ விசாரணைச் சபையில் அமரலாகாது. ஆடும் ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சங்கம் வேண்டும். தண்டனை விதிகள் அச்சங்கத்தைக் கலந்தே இயற்றப்பட வேண்டும். 2016 முதல் நடைபெற்று வரும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலேயே இவற்றைத் தொடங்கி நமது மாகாணம் வழிகாட்டலாம்.

தொழிலாளர் இயக்கத்திலும் பொது வாழ்விலும் ஈடுபட்ட நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கோடி ரூபாய் சம்பளம் வாங்குபவனுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று நகைத்துவிடாதீர்கள். அந்தச் சம்பளம் பெறுவோர் வெகு சிலர். மற்றையோர் சிற்றூர்களிலிருந்து வந்து, முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும் ஒரு தொழிலை நம்பி, படிப்பையும் வேறு வேலையையும் துறந்தவர்கள். அரசியல் சட்டத்தின் 14-ஆவது ஷரத்து சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. அந்தச் சமத்துவம் ஆலையில் வேண்டும், ஆபீஸில் வேண்டும் என்று போராடுகிறவர்கள், லக்ஷோப லக்ஷம் ஜனங்கள் தினந்தோறும் கண்ணிமையாமல் பார்க்கும் மைதானத்தில் மட்டும் அது வேண்டாம் என்று விட்டுவிடலாகாது. உங்கள் ஜில்லாக் கிரிக்கெட் சங்கத்தின் அடுத்த பொதுக் கூட்டத்தில் அங்கத்தினர் எவரேனும் எழுந்து, நமது ஒழுங்குக் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்த அணியில் என்ன சம்பந்தம் என்று கேட்கட்டும். அங்கிருந்தே இந்த வேலை தொடங்க வேண்டும்.